மெதுவோட்டத்தில் நின்றுபோகும் வள்ள இயந்திரம்: காரணங்களும் பரிகாரங்களும்

எமது கரையோரக் கிராமங்களில் சிறு கடற்றொழிலாளர்களிற் பலர் பைபர் கிளாஸ் வள்ளங்களில் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டியே தொழிலுக்குப் போகின்றனர். இவர்களிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. “வேகமாக ஓடும்போது இயந்திரம் நல்லாத்தான் ஓடுது. ஸ்லோ பண்ணினால் திக்கித் திணறி நின்றுபோகுது” என்பதே அது.

இதைச் சிறு குறையென எண்ணி விட்டுவிடலாகாது. மெதுவான ஓட்டம் எப்போது தேவைப்படுகின்றது? வலையை ஏற்றும்போது, கற்பார்களுக்கு இடையே வாய்க்காலால் நுழையும்போது, அலை உடையும் கரையை அணுகும்போது. ஆபத்து மிகுந்த இந்த வேளைகளிலேயே இயந்திரம் நின்றுபோகின்றது. கச்சான் காற்று வீசும் காலத்தில் கிழக்குக் கரையில் நின்றுபோன வள்ளத்தை, காற்று கரையை விட்டு வெளியேதான் தள்ளும். பாக்குநீரிணையிலோ 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடலெல்லை மிக அருகில் உள்ளது.

இக்குறை தோன்றியதும் பலர் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, திருகைத் திருப்பி மெதுவோட்டத்தின் வேகத்தைக் கூட்டிவிடுவது. மற்றது, யாரோ சொன்ன உதிரிப்பாகத்தைக் கடன்பட்டு வாங்கிப் பூட்டுவது. முதலாவது நோயை மறைக்கின்றது. இரண்டாவது பணத்தை விழுங்குகின்றது. செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடியதை இறுதியில் வைத்துப் பார்ப்பதே சரியான முறையாகும்.

ஏன் மெதுவோட்டத்தில் மட்டும்?

காபரேற்றரில் வேக ஓட்டத்துக்குப் பெரிய துளையும், மெதுவோட்டத்துக்கு மிகச் சிறிய துளையும் உள்ளன. சிறு தூசி, உப்புப் பொருக்கு, காய்ந்த எரிபொருளின் பிசின் ஆகியவை பெரிய துளையைத் தடுப்பதில்லை. சிறிய துளையை அடைத்துவிடும். அதுபோல, எங்காவது சிறிது காற்றுக் கசிந்தாலும் வேக ஓட்டத்தில் அது தெரியாது. மெதுவோட்டத்தில் உள்ளே செல்லும் கலவை கொஞ்சமாகையால், அந்தச் சிறு கசிவே இயந்திரத்தை நிறுத்திவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. அதற்கு நல்ல சூடு வேண்டும். நெடுநேரம் மெதுவாக ஓடினால் இயந்திரம் குளிர்ந்து, எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் படிகின்றது. எனவே வலை ஏற்றுதல் நீடிக்குமானால் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டுவது நல்லது.

முதலாவது: தாங்கியும் எரிபொருளும்

எரிபொருள் தாங்கியின் மூடியில் காற்றுப் போவதற்கு ஒரு சிறு திருகு உண்டு. அது மூடியிருந்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, சில நிமிடங்களில் எரிபொருள் வருவது நின்றுவிடும். மூடியைத் தளர்த்தும்போது “உஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் இதுவே.

அடுத்து, தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் அசையாது வையுங்கள். தண்ணீர் பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் பாரமானது. ஆகவே அடியில் தனியாகத் தங்கி நிற்கும். தண்ணீர் காணப்பட்டால் தாங்கியையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யாமல் வேறெதையும் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது: குழாயும் ரப்பர்ப் பந்தும்

குழாயிலுள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கிப் பாருங்கள். சில தடவைகளில் அது இறுகி நிற்க வேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கின்றது. வெடித்த குழாய், தளர்ந்த கவ்வி, இணைப்பிலுள்ள தேய்ந்த ரப்பர் வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும்போது பந்து உள்ளே ஒடுங்கினால் அதற்குப் பின்னால், தாங்கிப் பக்கத்தில், அடைப்பு இருக்கின்றது.

இயந்திரம் நிற்கப்போகும் தறுவாயில் ஒருவர் பந்தை அமுக்கிக்கொண்டிருக்க, அது மீண்டும் சீராக ஓடினால் எரிபொருள் போதியளவு வரவில்லை என்று பொருள். குழாயில் குறையில்லையெனின் எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது: பிளக்

பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். இயந்திரத்தின் உள்நிலையை அது சொல்லும்.

வெளிர் பழுப்பு நிறமெனில் எரிதல் சரியாக உள்ளது. கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருளோ ஒயிலோ கூடுதலாகச் செல்கின்றது, அல்லது பொறி பலவீனமாக உள்ளது. வெள்ளையாக வெந்திருந்தால் கலவையில் எரிபொருள் குறைவு, அல்லது இயந்திரம் கூடுதலாகச் சூடாகின்றது. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் பழுதாகும். நீர்த்துளிகள் காணப்பட்டால் எரிபொருளிலோ சிலிண்டரிலோ தண்ணீர் சேர்ந்துள்ளது.

இரு சிலிண்டர் இயந்திரத்தில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால், இரண்டையும் துடைத்து இடம் மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். ஈரம் பிளக்கோடு சேர்ந்து மாறினால் பிளக் பழுது. அதே சிலிண்டரிலேயே நின்றால் அந்தப் பக்கத்துக் கொயில், பிளக் தொப்பி அல்லது உட்பாகத்தில் குறை உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பிளக் தொப்பியைக் கையால் இழுத்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்னதிர்ச்சி ஏற்படலாம், மின்பகுதியும் எரிந்துபோகலாம்.

ஒயில் அளவிலும் கவனம் தேவை. கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் ஒயில் சேர்க்க வேண்டும். 25க்கு 1 என்றால் 400 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றாது அளந்து ஊற்றுங்கள். கூடினால் பிளக் கறுக்கும்; குறைந்தால் இயந்திரம் இறுகும்.

நான்காவது: காபரேற்றர்

மேலுள்ளவை யாவும் சரியாக இருந்தால் மட்டும் காபரேற்றருக்கு வரலாம். இயந்திரம் சூடான பின்னரும் சோக்கை இழுத்தால் ஓடி, விட்டால் நிற்குமாயின், சிறு துளை அடைபட்டிருக்கின்றது அல்லது காற்றுக் கசிகின்றது.

கலவைத் திருகைக் கழற்றுமுன் அதை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் முட்டுகின்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே அளவுக்கு வெளியே எடுக்கலாம். துளைகளைப் பெற்றோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விடக்கூடாது. பித்தளைத் துளை சிறிது பெருத்தாலும் அளவு கெட்டுவிடும்.

மெதுவோட்டத் திருகைச் சரிசெய்வது கடைசி வேலை. இயந்திரம் நன்கு சூடேறி, வள்ளம் தண்ணீரில் நிற்கும்போதே அதைச் செய்ய வேண்டும். குளிரூட்டும் தண்ணீர் வெளியே பீறுகின்றதா என்பதையும் பாருங்கள். தண்ணீரின்றி ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும். கியர் போட்டதும் மட்டும் இயந்திரம் நின்றால், அதை நிறுத்திவிட்டுப் புரொப்பலரில் வலை நூல் சுற்றியுள்ளதா என்று முதலில் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் எப்போது?

காபரேற்றரின் வாயால் எரிபொருள் திரும்பித் தெறித்தால் உள்ளேயுள்ள வால்வுத் தகடு உடைந்திருக்கலாம். கயிற்றை இழுக்கும்போது ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தாலும், எல்லாம் சுத்தம் செய்த பின்னரும் குறை நீங்காதிருந்தாலும் உட்பாகத்தைக் கழற்ற வேண்டும். அது பழகியவர் வேலை. நீங்கள் இதுவரை சோதித்தவற்றை அவரிடம் சொன்னால் அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

வருமுன் காத்தல்

மண்ணெண்ணெய் இயந்திரத்தை நிறுத்துவதற்குச் சற்று முன்பாகப் பெற்றோலுக்கு மாற்றுங்கள். காபரேற்றரில் பெற்றோல் நின்றால்தான் மறுநாள் இலகுவில் தொடங்கும். தொழில் முடிந்ததும் நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். எரிபொருளைத் துணியாலன்றி நல்ல வடியாலேயே வடித்து ஊற்றுங்கள். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும். செலவு குறைவதுபோலத் தோன்றினாலும் பிஸ்டன் அடிவாங்கும்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த விலையில், கெட்ட இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு லீற்றரை வீணாக்கினாலும் 25 தொழில் நாட்களில் 8,500 ரூபா கடலோடு போய்விடும். ஒரு சோடி பிளக்கும், பிளக் சாவியும், ஒரு முழக் குழாயும், இரண்டு கவ்வியும் அதைவிட அதிகமல்ல. இவற்றை நனையாத பெட்டியொன்றில் வைத்து ஒவ்வொரு வள்ளமும் கொண்டுபோக வேண்டும். நங்கூரமும் துடுப்பும் கூடவே இருக்க வேண்டும்.

அழுத்தமானி போன்ற விலைகூடிய கருவிகளைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவில் வாங்கி வைக்கலாம். வள்ளத்தில் போகும் இளைஞர் ஒவ்வொருவரும் மேற்கூறிய சோதனைகளைக் கரையிலேயே ஒருமுறை தம் கையால் செய்து பழகட்டும். கரையில் பழகாத கை, அலைக்குள் திருகைத் தேடித் தடுமாறும்.