உங்களுக்குத் தெரியுமா? பழைய எஸ்டேட்டா, புது எஸ்யூவியா?

பிரிட்டனில் குடும்பத்துக்குக் கார் தேடுபவர் கையில் 30,000 பவுண்ட் அளவுக்குப் பணம் இருந்தால், எதிரே இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, சில வருடம் ஓடிய வால்வோ வி90, மெர்சிடிஸ் ஈ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங் மாதிரியான உயர்ரக எஸ்டேட். இன்னொன்று, ஷோரூமிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் நிஸான் காஷ்காய், கியா ஸ்போர்ட்டேஜ் மாதிரியான எஸ்யூவி. எஸ்டேட் என்பது செடானின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கிய கார். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய டாடா இண்டிகோ மரீனா அந்த ஜாதிதான்.

இரண்டுக்கும் நடுவே திண்டாடும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

விலை இறங்கும், செலவு இறங்காது

புதுக் கார் மூன்று வருடத்தில் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்துவிடும். உயர்ரக எஸ்டேட்டின் முதல் சொந்தக்காரர் இழந்த அந்தப் பணம்தான் இரண்டாவதாக வாங்குபவரின் லாபம். ஆனால் இறங்குவது வாங்கும் விலை மட்டுமே. டயர், பிரேக் டிஸ்க், சர்வீஸ் கூலி, உதிரிபாகம் எல்லாம் அந்தக் கார் 55,000 பவுண்டுக்கு விற்றபோது என்ன விலையோ, அதே விலையில்தான் இருக்கும். இந்த ஒரு கணக்கை மறந்து வாங்கியவர்களே பிறகு வருத்தப்படுகிறார்கள். பழைய எஸ்டேட் வாங்கும்போது கைப்பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். முதல் வருட வேலைகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் கார் தேடுங்கள்.

முதல் சொந்தக்காரரின் ஆசை, உங்கள் வரி

2017 ஏப்ரல் முதல் பிரிட்டனில் பதிவான கார்களில், புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டியவற்றுக்குச் சாலை வரியோடு கூடுதல் வரியும் உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்து ஆறாம் வருடம் வரை அதைக் கட்ட வேண்டும். 2025-26 கணக்கில் வழக்கமான வரி 195 பவுண்ட், கூடுதல் வரி 425. ஆக வருடத்துக்கு 620 பவுண்ட். நீங்கள் அந்தக் காரை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை வரித்துறை பார்ப்பதில்லை.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் வசதிகளும் அந்தப் பட்டியல் விலையில் சேரும். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம் என்று இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முதல் சொந்தக்காரர் கண்ணாடிக் கூரையும் உயர்ரக ஸ்பீக்கரும் கேட்டு வாங்கியதால் ஒன்று 40,000 கோட்டைத் தாண்டியிருக்கும், மற்றது தாண்டியிருக்காது. பதிவு எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் பார்த்தால் எந்தக் காருக்கு எவ்வளவு வரி என்று நொடியில் தெரிந்துவிடும். பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

டிக்கியின் லிட்டர் கணக்கு

டிக்கியில் 560 லிட்டர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஐரோப்பாவில் வழக்கமான ஜெர்மன் முறைப்படி, 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் கொண்ட கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர்.

இந்தக் கணக்கில் வால்வோ வி90-க்கு 560 லிட்டர், பெட்ரோல் கியா ஸ்போர்ட்டேஜுக்கு 591. அப்படியானால் ஐந்து மீட்டர் நீள எஸ்டேட்டை விட நாலரை மீட்டர் எஸ்யூவியில் இடம் அதிகமா? காகிதத்தில் ஆமாம். எஸ்யூவியின் டிக்கி உயரத்தில் லிட்டரைச் சேர்க்கிறது, எஸ்டேட் தரையின் நீளத்தில் சேர்க்கிறது. விமானத்துக்குக் கொண்டுபோகும் 23 கிலோ பெட்டிகளை எஸ்டேட்டில் படுக்க வைத்து வரிசையாகத் தள்ளலாம். எஸ்யூவியில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டிவரும். லிட்டரை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தை வண்டியையும் பெரிய பெட்டிகள் இரண்டையும் எடுத்துப்போய் விற்பனையாளர் கண்முன் ஏற்றிப் பாருங்கள்.

பார்க்கிங் கோட்டுக்கு வெளியே

பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். வால்வோ வி90, மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட், பிஎம்டபிள்யூ 5 டூரிங், ஆடி ஏ6 அவான்ட் நான்குமே 4.9 மீட்டரைத் தாண்டியவை. காஷ்காய் 4.43 மீட்டர்தான். பல அடுக்கு கார் நிறுத்தத்தில் தினமும் நிறுத்துபவருக்கு இந்த அரை மீட்டர் பெரிய விஷயம்.

விடுமுறைக்குப் பிறந்த டூரிங்

பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் டூரிங் கம்பெனி போட்ட திட்டத்தில் உருவானதல்ல. மாதிரிக் கார்கள் செய்யும் பிரிவில் வேலை பார்த்த மாக்ஸ் ரைஸ்போக்குக்கு இரண்டு பிள்ளைகள். விடுமுறைக்குக் கிளம்பினால் சாமான்கள் செடானில் அடங்கவில்லை. 1984-ல் அடிபட்ட 323i கார் ஒன்றை வாங்கி, நண்பரின் ஷெட்டில் வைத்துப் பின்பக்கத்தை வெட்டி, கூரையை நீட்டினார். பார்த்த நிர்வாகம் காரைத் தானே எடுத்துக்கொண்டது. 1987-ல் டூரிங் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. ஒரு தகப்பனின் தேவையை அந்தக் காரில் இன்றும் பார்க்க முடிகிறது. அதனாலேயே எனக்கு எஸ்டேட்கள் மீது தனிப் பிரியம்.

மூட்டு வலி இருக்கிறதா வீட்டில்?

இருந்தால், எஸ்யூவிக்கு ஒரு முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். சேலை கட்டிய பாட்டி காரில் ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். காருக்கு முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் இது சுலபம். தாழ்வான எஸ்டேட்டில் உட்காரும்போது முழங்கால் மடங்கி வலிக்கும், எழும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். பெரியவர்கள் கூடவே இருக்கும் வீட்டில், நான் மேலே சொன்ன லாப நஷ்டக் கணக்கெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

டிக்கி விஷயத்தில் இது தலைகீழ். எஸ்டேட்டின் விளிம்பு தாழ்வாக இருப்பதால் கனமான பெட்டியைத் தூக்கி வைப்பது எளிது. வயதான நாயும் தானாக ஏறிக்கொள்ளும்.

மூன்று பிள்ளைகள்

பிரிட்டன் சட்டப்படி பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, அல்லது உயரம் 135 செ.மீ. ஆகும்வரை, எது முந்துகிறதோ அதுவரை, குழந்தை இருக்கை கட்டாயம். மூன்று பிள்ளைகள் என்றால் பின்வரிசையில் மூன்று இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் பொருந்த வேண்டும். பெரும்பாலான உயர்ரக எஸ்டேட்களில் நடு இடம் குறுகல். போதாததற்குக் காலடியில் தரை மேடு வேறு. முந்தைய தலைமுறை பியூஜோ 5008 போன்ற எஸ்யூவியில் நடுவரிசையில் மூன்றும் தனித்தனி இருக்கைகள், மூன்றிலும் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டு.

ஏழு இருக்கை என்ற சொல்லுக்கு மட்டும் மயங்க வேண்டாம். முதல் தலைமுறை ஸ்கோடா கோடியாக்கில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 270 லிட்டர். ஏழு பேரின் பெட்டிகள் அதில் எங்கே போகும்?

டீசல் யாருக்கு?

ஐந்தாறு வருடத்துக்கு மேல் பழைய உயர்ரக எஸ்டேட்களில் பெரும்பங்கு டீசல். அவற்றில் பல, நிறுவனங்கள் ஊழியருக்குக் கொடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டியவை. டீசல் காரின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. கரி சேர்ந்ததும், நெடுஞ்சாலை வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது அந்தச் சூட்டில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று இரண்டு மைல் ஓடி நிற்கும் காரில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. கரி அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை மாற்றும்படி ஆகிவிட்டால் செலவு ஆயிரம் பவுண்டைத் தாண்டும்.

ஆகவே மைல் கணக்கு குறைவாக இருப்பது டீசலில் நல்ல சேதியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லா சர்வீஸ் ரசீதும் உள்ள, நெடுஞ்சாலையில் 60,000 மைல் ஓடிய டீசல் எஸ்டேட்டையே நான் எடுப்பேன், நகருக்குள்ளேயே 20,000 மைல் உருண்டதை அல்ல. உங்கள் ஓட்டமே நகருக்குள்தான் என்றால் டீசலை விட்டுவிடுங்கள். பெட்ரோல் அல்லது ஹைபிரிட் பாருங்கள்.

லண்டன்வாசிகளுக்கு: 2023 ஆகஸ்ட் 29 முதல், அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் நகரத்தின் எல்லா வட்டாரங்களுக்கும் பொருந்தும். ஹாரோவும் கிராய்டனும் அதற்குள்தான். யூரோ 6 புகைத் தரத்தை எட்டாத டீசலுக்கு, ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். 2015-க்கு முந்தைய டீசல் எஸ்டேட் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்தயத்தில் எஸ்டேட்

1994 பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ இறக்கியது 850 எஸ்டேட்டை. ஓட்டியவர்கள் ரிக்கார்ட் ரைடல், யான் லாமர்ஸ். அடுத்த வருடம் செடானுக்கு மாறினார்கள். ஆனால் ரசிகர்கள் இன்றும் பேசுவது அந்தப் பெட்டிக் காரைப் பற்றித்தான்.

நட்சத்திரத்துக்கும் ஆயுள் உண்டு

யூரோ என்கேப் கொடுக்கும் பாதுகாப்பு நட்சத்திரம் ஆறு வருடத்துக்குத்தான் செல்லும். சோதனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாகிறது. 2020-ல் மோதல் சோதனைகளே மாறின. 2017-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் இப்போது ஐந்து வாங்குவதும் ஒரே தேர்வில் வாங்கியவை அல்ல. பழைய எஸ்டேட்டில் தானியங்கி பிரேக் இருக்கிறதா, பாதசாரியையும் கண்டுகொள்ளுமா என்று அந்தக் காருக்கே உரிய வசதிப் பட்டியலில் பாருங்கள்.

ஏழு வருட நிம்மதி

புது எஸ்யூவி பக்கம் நிற்பவர்களின் மிகப் பலமான வாதம் இது. கியா ஏழு வருடம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி தருகிறது. டொயோட்டா, தன் டீலரிடமே சர்வீஸ் செய்துவந்தால், பத்து வருடம் வரை நீட்டிக்கிறது. ஜெர்மன் உயர்ரகக் கார்களுக்கும் வால்வோவுக்கும் வழக்கம் மூன்று வருடம். மாதச் சம்பளத்தில் எதிர்பாராத 2,000 பவுண்ட் பில்லைத் தாங்க முடியாத குடும்பம் எஸ்யூவியையே எடுக்கட்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று வருடம் ஓடிய கியா வாங்கினாலும், மைல் வரம்பைத் தாண்டாதவரை, மீதி நான்கு வருட வாரண்டி உங்களுக்கு வரும்.

பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா?

மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட்டிலும் 2017-ல் வந்த பிஎம்டபிள்யூ 5 டூரிங்கிலும் பின்சக்கரத்துக்குக் காற்றுப் பை சஸ்பென்ஷன். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் கார் மட்டமாகவே நிற்கும், அருமையான ஏற்பாடு. வயதானால் அந்தப் பை கசியும். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, இரவு முழுக்க நின்ற காரைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், போய்ப் பாருங்கள். பின்சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுக்கும் இடையே கையை விட்டு இரண்டு பக்கமும் ஒரே இடைவெளிதானா என்று தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. அப்படியே டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் ஈரமோ துர்நாற்றமோ உண்டா என்றும் பாருங்கள்.

இலவச ஜாதகம்

பதிவு எண் ஒன்றை மட்டும் கொடுத்தால், அந்தக் காரின் எம்ஓடி எனப்படும் வருடாந்திரத் தகுதிச் சோதனை வரலாறு முழுவதையும் அரசு இணையதளம் இலவசமாகக் காட்டும். எந்த வருடம் எத்தனை மைல், எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். இங்கிலாந்தில் முதல் எம்ஓடி மூன்றாம் வருடத்தில்தான். எனவே மூன்று வருடத்துக்குள் விற்பனைக்கு வரும் காருக்கு இந்தச் சான்று இருக்காது. சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

திரும்பி வந்த வால்வோ

2023-ல் பிரிட்டனில் எஸ்டேட் விற்பனையை நிறுத்திய வால்வோ, கேட்டு வந்தவர்கள் இருந்ததால் 2024-ல் வி60-ஐயும் வி90-ஐயும் மறுபடி கொண்டுவந்தது.

முதல் 30 நாள்

டீலரிடம் வாங்கும் பழைய காருக்கும் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். விற்கும்போதே இருந்த பழுது 30 நாளுக்குள் தெரியவந்தால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, வாங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது டீலர். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. காரைக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிடுங்கள். டீலரிடம் போய்ப் பேசுவதற்கு இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.