கடலில் பிறந்து ஏரியில் வளரும் பிள்ளைகள்

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் களி நண்டைப் புரட்டினாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். வயிற்றை மூடிய மடல் ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். லட்சக்கணக்கான முட்டைகளை அந்த மடலுக்கு அடியில் ஒட்டவைத்துத்தான் தாய் நண்டு சுமக்கிறது.

அதற்கு முந்தைய கதையும் அபாரமானது. பெண் ஓடு கழற்றப் போவதை நீரில் கலக்கும் வாசனையால் ஆண் அறியும். உடனே அதைத் தன் அடியில் அணைத்துக்கொண்டு நாள்கணக்கில் திரியும். ஓடு கழன்று உடல் மெத்தென்று இருக்கும்போதுதான் சேர்க்கை. புது ஓடு இறுகும்வரை ஆண் காவல் இருப்பதும் உண்டு. பெற்ற விந்தைப் பெண் மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கும். பிறகு ஏரியை விட்டுக் கடலுக்குப் புறப்படும்; இளங்குஞ்சுகளுக்குக் கடலின் உப்பு வேண்டும். ஆரஞ்சு நிற முட்டைகள் கறுத்துவிட்டால் பொரியப் போகின்றன என்று பொருள்.

வெள்ளை இறாலுக்கும் கடல்தான் பிறந்தகம். ஆனால் தாய் இறால் முட்டைகளைச் சுமப்பதில்லை, நீரில் விட்டுவிடும். ஒரு நாளுக்குள் அவை பொரியும். பலமுறை உருமாறி, சில வாரங்களில் ஊசிபோல் மெலிந்த குஞ்சுகளாகி, ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழையும். சில மாதம் இங்கே இரை தின்று வளர்ந்து, இனம் பெருக்க மறுபடி கடலுக்கே போகும். லட்சம் முட்டையில் தப்பிப் பிழைப்பவை மிகச் சில.

கரையோர வெண்கண்டல் மரத்தின் வழி வேறு. தேனீக்கள் மகரந்தம் சேர்த்தபின், தாய்மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் கரு முளைவிட்டுவிடும். காய் விழுந்து, நீரில் ஊறித் தோல் உரிந்தால், சேற்றில் வேரூன்ற நாற்று தயார். மனிதத் தாயும் ஏறக்குறைய இதே கட்சிதான். தொப்புள்கொடி வழியே ஊட்டி, சுமார் 40 வாரம் உள்ளேயே வளர்க்கிறாள். பெரும்பாலும் ஒரே பிள்ளை.

நண்டுக்கும் இறாலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றுக்கு இருப்பது முகத்துவாரம் ஒன்றுதான். மணல் மேடிட்டு அது அடைபட்டால் தாய் நண்டு வெளியே போக முடியாது, இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. அந்தப் பருவத்து வலையும் வெறுமையாகும். அதனால்தான் வாயைத் திறந்துவிட மீனவர்களே பலமுறை மணலை வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சுமையை அவர்கள் தலையிலேயே விட்டுவைப்பது நியாயமல்ல. முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைக்கும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும்.