வெயிலை மறைத்த மரம்

எனக்குப் பிறந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். மரம் என்றாலே நிழலுக்குத்தான் என்று நினைத்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்த பிறகுதான், மலையில் நிழலைவிட வெயில்தான் அருமை என்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே, பன்னிரண்டடி தள்ளி ஐந்து சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. காலஞ்சென்ற என் மாமனார் நாற்பது வருடங்களுக்கு முன் தன் கையால் வைத்தவை. பார்க்கக் கோபுரம் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் சைப்ரஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்கள் வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். மார்கழி, தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போது, ஒரு பொட்டு வெயில்கூட வீட்டுக்குள் வராது. சுவரெல்லாம் ஓதம். துணி காய மூன்று நாள். என் சின்ன மகளுக்கு இரவெல்லாம் இளைப்பு. "வீட்டுக்குள்ள கொஞ்சம் வெயில் படணும்மா" என்றார் டாக்டர்.

"அத்தை, ரெண்டு மரத்தையாவது எடுத்துடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உங்க மாமா போனப்புறம் எனக்குன்னு இருக்கறதே அந்த மரந்தான் கண்ணு" என்று கண் கலங்கினார். அதற்குமேல் என்ன பேச முடியும்?

2019 ஆகஸ்டில் நீலகிரியில் பெய்த பேய்மழை பலருக்கும் நினைவிருக்கும். அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த வாரம் ஒரு ராத்திரி, ஒரு மரம் வேரோடு சாய்ந்து எங்கள் குளியலறைக் கூரையை நொறுக்கிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அத்தை அங்கிருந்து வெளியே வந்திருந்தார். மறுநாள் அவரே, "மிச்சத்தையும் எடுத்துருங்க. அவரு இருந்திருந்தா அவரே எடுத்திருப்பாரு" என்றார்.

எடுப்பதும் லேசில்லை. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டா நிலத்து மரமானாலும் கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி வேண்டும். மனு கொடுத்து, அதிகாரிகள் வந்து பார்த்து, உத்தரவு கிடைப்பதற்குள் அடுத்த வருஷமே வந்துவிட்டது. வைப்பது ஒரு நிமிஷ வேலை, எடுப்பது அப்படியில்லை.

அதனால் இந்த முறை என்னவரும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். தெற்குப் பக்கம் இலை உதிர்க்கும் மரம்தான் சரி என்று முடிவு செய்து, அரசு தோட்டக்கலைப் பண்ணையில் ஒட்டுச்செடி வாங்கி, நாட்டுப் பேரி இரண்டும் பிளம்ஸ் ஒன்றும் பதினைந்தடி இடைவெளியில் வைத்தோம். பனிக்காலத்தில் இவை மொட்டையாக நிற்கும். வெயில் தடையில்லாமல் வீட்டுக்குள் வரும். குளிர் போனதும் பூத்துத் தளிர்த்துவிடும். அதிக உயரமும் போகாது.

அதற்காக ஊசியிலை மரமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். மேற்கு எல்லையில், வீட்டிலிருந்து நூறடிக்கு அப்பால் இருக்கும் சைப்ரஸ் வரிசையை அப்படியே விட்டுவிட்டோம். ஆனி, ஆடிக் காற்றைத் தடுத்து எங்கள் கேரட் பாத்தியைக் காப்பாற்றுவது அதுதான். நடுவில் விழுந்த இடைவெளியில் நம் மலைக்கே உரிய காட்டுப்பூவரசு வைத்திருக்கிறோம். மெதுவாகத்தான் வளர்கிறது, வளரட்டும்.

மலைப்பகுதியில் இடம் வாங்கி வீடு கட்டும் சகோதரிகளே! கன்று கையளவு இருக்கும்போதே, அது அறுபதடி உயர்ந்தால் நிழல் எங்கே விழும், சாய்ந்தால் எங்கே விழும் என்று பார்த்து வையுங்கள். உயரமாகப் போகிற மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் குறைந்தது அந்த மரத்தின் உயரமாவது இடம் விடுங்கள்.

இப்போதெல்லாம் தை மாதக் காலையில் அத்தை மொட்டைப் பேரி மரத்தடியில் நாற்காலி போட்டு வெயில் காய்கிறார். அந்த மரம் காய்த்தபோது முதல் காயை மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு என் மகளுக்கு ஊட்டிவிட்டவரும் அவர்தான்.

- ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்