ராணுவத்தின் கையில் ரப்பர் தோட்டா: கலவரத்தில் உயிர்ச்சேதம் குறையுமா?

கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக் குடிச்சிட்டு, அப்படியே சுங்கை ஊடாங் பக்கம் போயிருக்கீங்களா? அங்கேதான் தெரண்டாக் ராணுவ முகாம் இருக்கிறது. ராணுவ லாரியைப் பார்ப்பது மலாக்காக்காரர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் அதே லாரி ஒருநாள் கலவரத்தை அடக்க ஊருக்குள் வந்தால்? வீரர்களின் கையில் துப்பாக்கி மட்டும்தான் இருக்கிறது என்றால் என்ன ஆகும்?

நம் நாட்டில் யார் வருவார்கள்?

கூட்டத்தைக் கலைப்பது முதலில் போலீஸின் வேலை. அதற்காகவே 1955-இல் தொடங்கப்பட்டது, சிவப்பு ஹெல்மெட் அணியும் எஃப்.ஆர்.யு. கலகத் தடுப்புப் படை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு உங்கள் மாமாவோ சித்தப்பாவோ போயிருந்தால் கேட்டுப் பாருங்கள். கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் எப்படி எரியும் என்று சொல்வார்கள்.

நிலைமை போலீஸ் கையை மீறினால்தான் ராணுவம் வரும். 1969 மே 13 கலவரத்தின்போது வீரர்கள் கோலாலம்பூர் தெருக்களில் இறக்கப்பட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்குப்படி அந்தக் கலவரத்தில் இறந்தவர்கள் 196 பேர்.

ராணுவம் வந்தால் என்ன சிக்கல்?

போலீஸ் கூட்டத்தைக் கலைக்கப் பழகியது. ராணுவ வீரர் எதிரியை வீழ்த்தப் பழகியவர். அவருடைய ரைஃபிள் தோட்டா பல நூறு மீட்டர் பாயும்; கல்லெறிபவர், வேடிக்கை பார்ப்பவர் என்று பிரித்துப் பார்க்காது.

இலங்கையில் 2013 ஆகஸ்ட் 1 அன்று இதுதான் நடந்தது. கம்பஹா மாவட்டம் வெலிவேரியவில், சுத்தமான குடிநீர் கேட்டு மக்கள் சாலைக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது; மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். கேட்டது தண்ணீர்தான்!

வேறு என்ன கொடுக்கலாம்?

எச்சரிக்கைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் சில படிகள் வேண்டும். கேடயம், தடி, தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தோட்டா ஆகியவை அந்தப் படிகள். சட்டத்தை அமலாக்குவோருக்கு இப்படிப்பட்ட கருவிகள் இருக்க வேண்டும் என்று ஐ.நா. 1990-லேயே வலியுறுத்தியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின்படி, போர்க்களத்தில் எதிரிமேல் கண்ணீர்ப்புகை வீசக் கூடாது. சொந்த நாட்டில் கலவரத்தை அடக்க மட்டும் வீசலாம்!

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இவற்றை 'உயிர் எடுக்காத ஆயுதம்' என்று சொல்வது தவறு. 'உயிராபத்து குறைந்த ஆயுதம்' என்பதே சரி.

வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் 1970-இல் ரப்பர் தோட்டாவைப் பயன்படுத்தத் தொடங்கியது. தரையில் பட்டுத் தெறித்து காலில் அடிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் பதற்றத்தில் விதி எங்கே நிற்கும்? நேராக, கிட்டத்தில் இருந்து சுட்டார்கள். பிறகு வந்த பிளாஸ்டிக் தோட்டாவையும் சேர்த்து 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் சிறுவர் சிறுமியர்.

காஷ்மீரில் 2016-இல் பாதுகாப்புப் படைகள் பெல்லட் துப்பாக்கியைப் பயன்படுத்தின. ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும். நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம்; பலருக்குப் பார்வையே போனது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'இதனால் யாரும் சாக மாட்டார்கள்' என்ற நினைப்பு வந்துவிட்டால், விரல் சீக்கிரமே விசைக்குப் போய்விடும்.

நீங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

அடுத்த முறை 'ராணுவத்துக்குப் புதிய கலவரத் தடுப்புக் கருவிகள்' என்று செய்தி வந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதைப் பயன்படுத்த வீரர்களுக்குப் பயிற்சி இருக்கிறதா? எத்தனை மீட்டர் தூரத்தில், உடலின் எந்தப் பகுதியை நோக்கிச் சுடலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? யாருக்காவது கண் போனால், உத்தரவு போட்டவர் பதில் சொல்வாரா?

மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வராவிட்டால், மாறியது தோட்டா மட்டும்தான்.