வெயிலோடு சேர்ந்து கொன்றது எது?

1995 ஜூலை நடுவில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பிணவறையில் இடம் போதாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்திருந்தார்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் வானிலை அறிவியல் சரியாகவே அளந்து சொன்னது. ஆனால், அருகருகே இருந்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் சாவு குவிந்து, மற்றொன்று தப்பியது ஏன் என்பதற்கு அந்த அளவீடுகளில் விடையில்லை.

விடை தேடிப் போனவர் எரிக் கிளைனன்பெர்க். அப்போது சமூகவியல் ஆராய்ச்சி மாணவர். நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல் இரண்டுக்கும் ஒரே வெயில்தான். தனியாக வாழும் முதியோரின் விகிதத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் நார்த் லாண்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லாண்டேலில் 4 பேர்கூட இல்லை. அவர் அந்தத் தெருக்களில் நடந்து, அங்கிருந்தவர்களிடம் பேசினார். நார்த் லாண்டேலில் ஆலைகள் மூடப்பட்டு, கடைகள் போய், காலிமனைகள் பெருகியிருந்தன. வழிப்பறிக்குப் பயந்த முதியவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். சவுத் லாண்டேலில் கடைவீதி நாள் முழுக்கக் கலகலத்தது. வயதானவர்கள் சாமான் வாங்க, சர்ச்சுக்குப் போக என்று தெருவுக்கு வந்தார்கள். போன கடையில் ஏசி இருந்தது. ஒருநாள் வராவிட்டால் தேடுவதற்கு ஆளும் இருந்தது.

இந்த ஆய்வு 2002-ல் நூலாக வந்தது. காலநிலைத் துறையில் சமூக அறிவியலாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழு சமூக அறிவியலின் இந்தப் பங்கை ஏற்கத் தாமதித்தது. உமிழ்வைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய அதன் அறிக்கையில் மக்களின் நுகர்வுக்கும் சமூக நடத்தைக்கும் தனி அத்தியாயம் கிடைத்ததே 2022-ல்தான்.

நம் ஊரிலும் இந்த வேலை காத்துக்கிடக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலைசெய்யும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கொளுத்தும் வெயிலிலும் தண்ணீர் குடிப்பதைத் தள்ளிப்போடுகிறார், பக்கத்தில் ஒதுங்கக் கழிப்பறை இல்லை என்பதால். அது சிறுநீரகக் கோளாறில் போய் முடிகிறது. இதை எந்த வெப்பமானியும் காட்டாது. அவரோடு வரப்பில் உட்கார்ந்து, கங்காணி காதில் விழாமல், அவர் பேச்சிலேயே கேட்டால்தான் தெரியும். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்புக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகிறது, யார் சாவு வெறும் 'மாரடைப்பு' என்று பதிவாகிறது என்பதையும் ஒருவர் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர விரும்பும் சமூகவியல், பொருளியல், மானிடவியல் மாணவர்கள் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ போன்ற இடங்களின் வேலை அறிவிப்புகளைக் கவனித்து வரலாம். பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளராகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். பல பணிகள் ஒரு திட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். அதையும் தெரிந்துகொண்டே வர வேண்டும். புள்ளியியலும் கணினி வரைபடமும் ஓரளவு கைவந்தால் தேர்வில் முந்தலாம். உப்பளத்துப் பேச்சு புரிகிற பிள்ளைக்குக் களத்தில் இன்னொரு பலமும் உண்டு. அதைத் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.