மாத்திரை சளியைச் சேரும் வழி

தொண்டையில் இறங்கும் மாத்திரை நேரே மார்புக்குப் போய்ச் சளியைக் கரைக்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலும் நாள்பட்ட இழுப்புக்காரர்கள், சளி பச்சையானதும் போன தடவை சாப்பிட்ட அதே மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதைப் பார்க்கிறேன். கவலையாக இருக்கிறது.

மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தோடு இதயத்துக்கு வந்து, பெருந்தமனியிலிருந்து பிரியும் சிறு தமனிகள் வழியாகத்தான் மூச்சுக்குழாயின் சுவரை எட்டுகிறது. இவ்வளவு தூரம் வந்த மருந்துக்கு அந்தச் சுவரைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. கிருமி இருப்பதோ சுவருக்கு அப்பால், சளிக்குள்.

கிருமியைக் கொல்லும் மருந்துகளில் அமாக்சிசிலின் நீரில் கரையும் ரகம். செல்களின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்காது. ரத்தத்தில் உள்ளதில் சிறு பங்குதான் சளியில் சேரும். அழற்சி இருக்கும்போது சுவர் கசிவதால் சற்றுக் கூடுதலாக நுழையும். அழற்சி தணிந்தால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். மாறாக, அசித்ரோமைசின் என்ற மருந்தை வெள்ளணுக்களே உள்வாங்கித் தொற்றுள்ள இடத்துக்குச் சுமந்து செல்கின்றன. மாத்திரை முடிந்த பிறகும் அது சில நாள் திசுக்களில் தங்கும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் 1,142 பேரில் ஒரு பாதியினர் ஓராண்டு தினமும் 250 மில்லிகிராம் அசித்ரோமைசின் எடுத்தார்கள். அவர்களுக்கு நோய் முற்றும் தடவைகள் குறைந்தன. ஆனால் சிலருக்குக் காது கேட்பது மங்கியது.

லெவோஃப்ளாக்சசின் சளியில் நன்றாகவே சேரும். ஆனால் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்தோடு சேர்த்து விழுங்கினால், அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

எந்த மருந்தானாலும், தேங்கிக் கிடக்கும் கெட்டிச் சளிக்குள் ஊடுருவுவது கடினம். மூச்சுக்குழாய் விரிந்துபோனவர்களிடம் சூடோமோனாஸ் கிருமி தன்னைச் சுற்றிப் பசைப்படலம் கட்டிக்கொண்டு வாழும். 2019-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் இருந்த அத்தகைய 2,195 நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் காரணம், முன்பு வந்துபோன காசநோய். இவர்களுக்குச் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியும் மாத்திரைக்கு நிகரான வைத்தியம்தான். அதைச் சொல்லிக்கொடுக்க நம் மருத்துவமனைகள் இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

லெவோஃப்ளாக்சசினில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காசநோய்க் கிருமியும் அதற்கு ஓரளவு அடங்கும். இருமல் குறைந்து, நோய் கண்டறிவது தள்ளிப்போகும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், கடையில் மாத்திரை கேட்பதற்கு முன் கோரிமேட்டு அரசு மார்பு நோய் மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் காசநோய்த் திட்டத்தில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.