மருந்தும் ஏகபோகமும்

நோயின் மூலத்தை அறிவதே வைத்தியத்தின் தலைவாயில். 1960ல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் விஞ்ஞானிகள் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதன் விளைவே அஃதென 1973ல் ஜேனட் ரௌலி அம்மையார் நிரூபித்தார். அம்மாற்றத்தால் உண்டாகும் கேடான புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோவார்ட்டிஸ் கம்பெனி இந்நாட்டில் அதற்கு வைத்த விலை மாதம் சுமார் ரூ.1,20,000, இந்தியக் கம்பெனிகள் கேட்டதோ ஏறத்தாழப் பத்திலொரு பங்கே. பழைய மருந்தின் புது உருவம் அதிகப் பலன் தராவிடில் பேடண்ட் உரிமையில்லையென்று 2013 ஏப்ரல் 1ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது நியாயமே.

மருந்து மலிந்தது மட்டும் போதாது. நோயைக் காட்டும் மரபணுச் சோதனையும் ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் ஏழைக்கு இலவசமாய்க் கிடைத்தல் வேண்டும். அதுவரை அத்தீர்ப்பின் பலன் பாதியே.